சக்கரம் இல்லாத மலை

எங்கள் தெருவில் எங்கே நின்று மேற்கே பார்த்தாலும் கல்வராயன் மலை தெரியும். மழை நாளில் கறுப்பாக இருக்கும், வெயில் நாளில் நீலமாக இருக்கும். தியாகதுருகம் பக்கத்துக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்து பார்க்கிறேன். ஏறினதில்லை. எங்கள் தெருப் பெண்களில் யாரும் ஏறினதில்லை. மலை எங்களுக்கு வெளிநாடு மாதிரி.

ஏற வேண்டி வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் மறியல் நடந்த வருஷம் அது. புரட்டாசி மாதம்.

என் வீட்டுக்காரர் ஆடியில் மண் குழிக்குள் விழுந்தார். இடுப்பு போய்விட்டது. கட்டிலில் தூக்கி உட்கார வைத்தால் உட்காருவார். சக்கரத்துக்கு முன்னால் குந்திக் குனிய முடியாது. குனியாமல் பானை வனைய முடியாது.

நாங்கள் சட்டி பானை செய்கிறவர்கள். ஏரியில் மண் வெட்டிச் சுமந்து வருவது பெண்கள். காயவைத்து இடிப்பது, சலிப்பது, மிதிப்பது பெண்கள். சக்கரத்தில் வனைந்து அறுத்து எடுக்கும் பானைக்கு அடி இருக்காது, ஓட்டையாக இருக்கும். உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவதும் பெண்கள்தான். காவி பூசுவது, சூளை அடுக்குவது, கூடையில் தூக்கிப் போய் விற்பது எல்லாம் நாங்கள். சக்கரம் மட்டும் ஆண்களுக்கு. பெண் கை பட்டால் சூளையில் ஒரு சட்டி நிற்காது என்பார்கள். நான் அதைக் கேட்டு வளர்ந்தவள். தொட்டதில்லை.

தெருவுக்கு ஒரே சூளை. அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இடம் உண்டு. கார்த்திகைச் சூளையில் எந்த வீட்டுச் சட்டி இல்லையோ, அந்த வீட்டு இடம் வேறு வீட்டுக்குப் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. எங்கள் இடம் வாய்ப்பக்கம். நெருப்பு நன்றாக விழும். அதன்மேல் எல்லாருக்கும் ஒரு கண்.

என் வீட்டுக்காரர் விழுவதற்கு முன்னால் கடைசியாக வனைந்து, சூளையில் வெந்தது மட்டும் வீட்டில் அடுக்கி இருந்தது. "இத வித்துட்டு வா. அப்பால பாக்கலாம்" என்றார். அப்பால என்ன பார்ப்பது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மறியலால் சந்தை எதுவும் சரியாகக் கூடவில்லை. மலைக்காரர்கள் கச்சிராயபாளையத்துக்கு இறங்கி வருவார்கள், மண் சட்டிதான் கேட்பார்கள் என்று பச்சையம்மா சொன்னாள். பச்சையம்மா என் நாத்தனார், அவருடைய தங்கை. அதே தெருவில் கட்டிக்கொடுத்தது. நான் பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அதனால் எங்கே போனாலும் அவளைக் கூட்டிப் போவேன்.

பஸ் கூரையில் வைக்கோல் போட்டு கூடைகளைக் கட்டினோம். கள்ளக்குறிச்சிக்கு முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய புளியமரம். வெட்டின இடம் இன்னும் ஈரமாக இருந்தது. மரத்தின் மேலே ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் இறங்கிப் போய்ப் பேசிப் பார்த்தார். திரும்பி வந்து, "அவ்ளோதான். எறங்கி நடக்கறவங்க நடங்க" என்றார்.

கோடாலி வைத்திருந்தவர் எங்களைப் பார்த்து, "கூடையில இன்னாம்மா?" என்றார்.

"சட்டி" என்றேன்.

"மறியல்னு தெரியாதா? இன்னிக்கு எதுக்குக் கெளம்பின?"

பச்சையம்மா முன்னால் வந்தாள். "நீங்க வேலையில எடம் ஒதுக்கச் சொல்லிக் கேக்கறீங்க. கேளுங்க, வேணான்னு சொல்லல. எங்களுக்கு ரோட்டுல ஒரு மொழம் எடம் ஒதுக்குங்க. சட்டி ஒடைஞ்சா கவர்மெண்டு வந்து ஒட்டிக் குடுக்குமா?"

அவர்கள் சிரித்துவிட்டார்கள். கோடாலியை மரத்தில் கொத்தி வைத்துவிட்டு எழுந்தார்கள். ஒருவர் பஸ் மேல் ஏறினார். மற்றவர்கள் வரிசையாக மரத்தின் மேல் நின்றார்கள். கைக்குக் கை மாறி சட்டியெல்லாம் அந்தப் பக்கம் போயிற்று. மரம் வெட்டின கை என்று சொல்ல முடியாது, அவ்வளவு பதமாகப் பிடித்தார்கள். ஒரே ஒரு தோண்டி நழுவி உடைந்தது. நழுவவிட்டவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பஸ்ஸ நிறுத்தத் தெரியுது, ஒரு தோண்டியப் புடிக்கத் தெரியலயாடா உனக்கு?" என்று அவர்களில் ஒரு பெரியவர் சத்தம் போட்டார்.

கள்ளக்குறிச்சிக்கு நடந்து போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கடைகள் மூடியிருந்தன. பானை, கயிறு, முறம் விற்கும் பாய் ஒருவர் தை மாதத்தில் எங்களிடம் சரக்கு எடுப்பார். அவர் கடைக் கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து கூப்பிட்டேன். அவர் உள்ளே போய் வீட்டம்மாவிடம் அவர்கள் பேச்சில், உருதுவில், பேசினார். நான் பாய்மார் தெருக்களில் விற்றுப் பழகினவள், கொஞ்சம் புரியும்.

"பொழுது போன நேரத்துல இவங்கள எங்க அனுப்புவீங்க? உங்களுக்கு அக்கா தங்கச்சி இல்லையா?" என்றது அந்த அம்மா.

"நான் இன்னா வேணாம்னா சொன்னேன்? நடையில சட்டிய அடுக்காதீங்க, தொழுகைக்கு எழுந்து போறப்ப மிதிச்சிடுவேன்னு சொன்னேன்."

பின்கட்டில் படுத்தோம். சோறும் தால்ச்சாவும் கொடுத்தார்கள். நாங்கள் குழம்பில் போடுகிற சுரைக்காய்தான், அவர்கள் பருப்பும் கறி எலும்பும் போட்டால் வேறு காய் மாதிரி ஆகிவிடுகிறது. பச்சையம்மா கறி சாப்பிடாத கிழமை அது. எலும்பை ஒதுக்கிவிட்டு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். ஒரு வாயகன்ற சட்டியை அந்த அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு காலையில் கிளம்பினோம்.

கச்சிராயபாளையத்துக்கு டவுன் பஸ் இல்லை. நடவுக்குக் கரும்புக் கரணை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று உள்ரோடு வழியாகப் போனது. வண்டிக்காரர் கூடைகளை ஏற்றிக்கொண்டார். "நீங்களும் ஏறிக்குங்க. கரணை மேல மட்டும் குந்தாதீங்க. கணு ஒடைஞ்சா மொளைக்காது" என்றார். குந்த வேறு இடம் இல்லை. வண்டியின் பின்னால் நடந்தோம். பாதி வழியில் சக்கரத்து இரும்புப் பட்டை கழன்று தனியாக உருண்டு போய் வாய்க்காலில் விழுந்தது. வண்டி சாய்ந்தது. கூடைகளைத் தாங்கிப் பிடித்தோம். மிச்ச வழியைத் தலைச்சுமையாகவே நடந்தோம். அன்றைக்குச் சக்கரம் உள்ள எதுவும் ஓடவில்லை.

கச்சிராயபாளையத்தில் கடை பாதிதான் திறந்திருந்தது. மலையிலிருந்து இறங்கின பெண்கள் நாலைந்து பேர் புளியை வைத்துக்கொண்டு மரத்தடியில் இருந்தார்கள். வாங்க ஆள் இல்லை. அதில் ஒருத்திக்கு வயிற்றில் ஆறு மாசம் இருக்கும். எழுந்து வந்து என் சட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டாள். அவள் பெயர் குப்பாயி.

"நல்லா சத்தம் குடுக்குது. யாரு செஞ்சது, நீங்களாக்கா?"

"வூட்டுக்காரர்."

"இங்க குந்திக்கினு இருந்தா ஈதான் வாங்கும். எங்கூருக்கு வாங்க. ஒண்ணு மிஞ்சாது. நாங்களும் தூக்கறோம்."

புளி மூட்டையை அங்கேயே ஒரு கடையில் போட்டுவிட்டு எங்கள் கூடைகளைப் பங்கு போட்டுத் தூக்கினார்கள். கல்லும் வேருமாக ஒற்றையடிப் பாதை. அந்தப் பெண்கள் வெறுங்காலோடு ஆடு போகிற மாதிரி போனார்கள். பச்சையம்மா வழி, தண்ணி, பாம்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே ஏறினாள்.

"பேசிக்கினே ஏறாதீங்க. மேல போறதுக்குள்ள மூச்சு தீந்திடும்" என்றாள் குப்பாயி.

பச்சையம்மா வாயை மூடி நான் பார்த்தது அந்த ஏற்றத்தில்தான்.

மேலே காற்று குளிர்ந்தது. வீடுகள் சின்னது, கூரை தாழ்வாக இறங்கியிருந்தது. குனிந்துதான் நுழைய வேண்டும். சுற்றிலும் சரிவில் சாமைக் கொல்லை, கதிர் தலை சாய்க்க ஆரம்பித்திருந்தது. எங்கள் ஊரில் கதிர் முற்றினால் தண்ணீரை வடிப்போம். இங்கே தண்ணீர் தானாக வடிந்து போய்விடுகிறது, அதை நிறுத்தத்தான் பாடுபடுகிறார்கள்.

சட்டியெல்லாம் அன்றே போய்விட்டது. சாமையும் மொச்சையும் புளியும் கொடுத்தார்கள். மறுநாள் இறங்கலாம் என்று மூட்டை கட்டினோம். கீழேயிருந்து ஏறி வந்த இரண்டு பேர், அடிவாரத்தில் போலீஸ் லாரி நிற்கிறது, வழியில் போகிறவர்களைப் பிடித்து விசாரிக்கிறார்கள், பஸ் எப்போது ஓடும் என்று தெரியாது என்று சொன்னார்கள்.

"அடங்கட்டும். அதுவரிக்கும் இருங்க" என்றாள் குப்பாயி. "எங்கூட்ல சோத்துக்குக் கம்மி இல்ல."

அவள் வீட்டில் தங்கினோம். புது வீடு. அந்த வருஷம்தான் மாமியாரை விட்டுத் தனியாக வந்திருந்தார்கள். மாமியார் வீடு எதிரிலேயே இருந்தது. சண்டை இல்லை, ஆனால் ஒருவர் அடுப்பை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

சாமைச் சோறு உதிரி உதிரியாக இருந்தது. எங்கள் நெல்லுச் சோறு விரலுக்கு அடங்கும். இது ஓடும். முதல் நாள் பாதிச் சோறு மடியில் விழுந்தது. மொச்சைக் குழம்பு புளிப்பும் காரமும் ஜாஸ்தி. காலையில் களிக்குத் தேன் விட்டுக் கொடுத்தார்கள். பச்சையம்மா, "அண்ணி, மறியல் இன்னும் கொஞ்ச நாள் நடக்கட்டும்" என்றாள்.

எனக்கு மனசு கீழேயே இருந்தது. விற்க வேண்டியது விற்றாயிற்று. வீட்டில் இனி சட்டி இல்லை. சக்கரம் வேப்பமரத்தடியில் சும்மா கிடக்கிறது. கார்த்திகை வருகிறது.

குப்பாயிக்கு அப்போது குதிர் போடும் வேலை. தானியம் கொட்டி வைக்கும் மண் கூடு அது. முழங்கால் உயரத்துக்கு, அடியில்லாத வளையம் மாதிரி மூன்று உறை தனித்தனியாகச் செய்து காயவைத்து, வீட்டுக்குள் கொண்டுபோய் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி மண்ணால் பூசிவிடுவார்கள். அந்த ஊரில் குதிர் இல்லாத பெண்ணின் சாமை மாமியார் குதிருக்குப் போகும். பிறகு படி கேட்டு வாங்க வேண்டும். அறுப்புக்கு முன்னால் போட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு அவசரம்.

குதிர் மண்ணை ஆண்கள் தொடக்கூடாது. காய்ந்து முடிகிற வரைக்கும் பக்கத்தில்கூட வரக்கூடாது. அவள் புருஷன் வாசலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வீட்டுக்குள் போய் வந்தான்.

"எங்க அண்ணன இங்க கூட்டியாந்தா மண்ணு மிதிக்கக்கூட வுடமாட்டாங்க போல" என்றாள் பச்சையம்மா.

சும்மா சாப்பிட்டுக்கொண்டு இருக்க எனக்கு வரவில்லை. மறுநாள் குப்பாயி கொல்லைக்குக் காவலுக்குப் போய்விட்டாள். வாசலில் வாழை இலை போட்டு மூடின மண் குவியல் இருந்தது. திறந்து பார்த்தேன். உமியும் நறுக்கின வைக்கோலும் சாணியும் கலந்து கிடந்தது. புதுப் பெண், சலிக்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். நானும் பச்சையம்மாவும் உட்கார்ந்து அதையெல்லாம் பொறுக்கினோம். பொறுக்க முடியாததைத் தண்ணீரில் கரைத்து சல்லடையில் வடித்தோம். வெயிலில் தண்ணீர் சுண்டவிட்டு மிதித்து வெண்ணெய் மாதிரி ஆக்கி வைத்தோம். சக்கரத்துக்கு அப்படித்தான் மண்ணைப் பக்குவம் பண்ணுவது. ஒரு உமி இருந்தாலும் என் வீட்டுக்காரர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

குப்பாயி வந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். விருந்தாளி செய்தது, எப்படிக் குறை சொல்வது என்று நினைத்திருப்பாள். அந்த மண்ணிலேயே உறை எழுப்பினாள். அடுத்த நாள் மத்தியான வெயிலில் மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. என் கை உள்ளே போகும் அளவுக்கு.

எதிர் வீட்டிலிருந்து மாமியார் வந்து பிளவைப் பார்த்துவிட்டு, "என் குதிர்ல எடம் இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

குப்பாயி பிளவில் விரலை விட்டுப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "சட்டிக்காரக்கா, மண்ணுக்கு சோப்பு போட்டுக் குளிப்பாட்டினீங்களா?"

"அழுக்கா இருந்துது" என்றேன்.

"அது அழுக்கு இல்லக்கா. அதுதான் நாரு. இது சூளைக்குப் போவாது, வெயில்லதான் காயணும். உமி புடிச்சிக்கினு இருந்தாதான் வெடிக்காது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பச்சையம்மாவும் சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் சிரிப்பு வந்தது.

பொறுக்கிப் போட்ட உமியைக் கோழி கிளறிக்கொண்டிருந்தது. கோழியை விரட்டிவிட்டு அள்ளி வந்தேன். உறையை உடைத்து ஊறவைத்து, உமியும் வைக்கோலும் சாணியும் போட்டு மறுபடியும் மிதித்தோம். அறுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகாசத்தை எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம்.

அவள் உறை எழுப்புவதை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். தரையில் சாம்பல் தூவி, மணிக்கட்டுத் தடிமனில் மண் திரி உருட்டி, வட்டமாக வைத்தாள். அதன்மேல் இன்னொன்று. உள்ளே இடது கை, வெளியே வலது கை. இடுப்பை மடக்கிக் குனிந்து, மண்ணை மேலே இழுத்துக்கொண்டே பின்னால் நடந்தாள். பின்னாலேயே நடந்து சுற்றிச் சுற்றி வந்தாள். அவள் வர வர சுவர் ஏறியது.

"பின்னால பாக்காம எப்டி நடக்கிற?" என்று கேட்டேன்.

"என் வூட்டு வாசல்தானக்கா. காலுக்குத் தெரியாதா?"

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என் வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்தில் இருப்பார், பானை சுற்றும். இங்கே பானை இருந்த இடத்தில் இருக்கிறது, அவள் சுற்றுகிறாள்.

வயிற்றுப் பிள்ளையோடு அவளால் ரொம்ப நேரம் குனிய முடியவில்லை. இரண்டாவது உறைக்கு நான் நின்றேன். முதலில் தலை சுற்றியது. ஒரு கோழியை மிதித்தேன். பச்சையம்மா மேலே போய் இடித்தேன். "அண்ணி பேய் புடிச்ச மாதிரி சுத்துது" என்று அவள் ஊருக்கே சொன்னாள். பார்க்கப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். காலை அகட்டு என்றாள் ஒருத்தி. மண்ணைப் பார், தரையைப் பார்க்காதே என்றாள் ஒருத்தி. பொழுது இறங்கும்போது கால் தானாக நடந்தது.

சுவர் எனக்குத் தடிப்பாகத் தெரிந்தது. களி கிண்டும் துடுப்பையும் ஓடையில் எடுத்த ஒரு உருண்டைக் கல்லையும் கேட்டேன். உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே தட்டினேன்.

"ஐயோ, அடிக்காதீங்கக்கா!" என்றாள் குப்பாயி.

"இரு" என்றேன்.

தட்டத் தட்ட மண் இறுகிச் சுவர் மெலிந்து நிமிர்ந்தது. அவள் விரலால் சுண்டிப் பார்த்தாள். மூன்றாவது உறைக்கு அவளே துடுப்பை எடுத்து என் கையில் கொடுத்தாள். எதுவும் வெடிக்கவில்லை. மாமியார் ஒரு தடவை வந்து நிழலுக்கு நகர்த்தச் சொன்னாள். நகர்த்தினோம்.

கொஞ்சம் மண் மிஞ்சியது. உமி கலக்காமல் எடுத்து வைத்த மண்ணும் ஒரு உருண்டை இருந்தது. அதில் ஆற்று மணல் கொஞ்சம் பிசைந்தேன். உரலைக் கவிழ்த்து, மேலே உடைந்த சட்டியின் ஓடு ஒன்றை வைத்து, திரி உருட்டி வைத்தேன். உரலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சின்னப் பானைதான். கழுத்து வந்தது. வாய்க்கு ஈர இலையை மடித்துப் பிடித்துக்கொண்டு வேகமாகச் சுற்றினேன். வாய் முழு வட்டமாக இல்லை. ஆனால் வாய்தான்.

பச்சையம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். நின்றாள். பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சுற்றிலும் பார்த்தாள்.

"அண்ணி, சக்கரம் எங்க?"

"இல்ல."

"நீ தொட்டியா?"

"இல்லாதத எப்டித் தொடறது?"

அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே குந்தினாள். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. ஏற்றம்கூட இல்லை, சமதரை.

கீழே அடங்கிவிட்டது, பஸ் ஓடுகிறது என்று சேதி வந்ததும் இறங்கினோம். குப்பாயி அந்தத் துடுப்பை என்னிடம் கொடுத்தாள். "களிக்கு வேற செதுக்கிக்கறேன். இது உங்க கையில பழகிடுச்சி" என்றாள். சாமை மூட்டையைப் பச்சையம்மா தூக்கினாள். வேகாத பானையை வைக்கோலில் சுற்றி நான் இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

புளியமரத்தை ரோட்டோரமாக உருட்டியிருந்தார்கள். அந்தப் பக்கத்து ஊர்ப் பெண்கள் கிளை கழித்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி நாங்களும் இரண்டு கட்டு கட்டினோம். புளிய விறகு சூளைக்கு நின்று எரியும்.

"போறப்ப சட்டி, வரப்ப வெறகா? அடுத்த தபா அடுப்பையும் ஏத்துவீங்க" என்றார் கண்டக்டர். அன்றைக்கு வந்த அவரேதான். ஆனாலும் விறகுக் கட்டுகளை மேலே ஏற்றிக் கட்டினார்.

வீட்டு வாசலில் சுவரோரம் போட்ட கட்டிலில் அவர் இருந்தார். பானையை அவர் பக்கத்தில் வைத்தேன். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளே விரலை விட்டுத் தடவினார். "எந்த ஊரு சக்கரம் இது?" என்றார்.

"சக்கரம் இல்ல. நான் செஞ்சேன்."

பானையைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் வாசலில் உரலைக் கவிழ்த்தேன். மண் வீட்டிலேயே இருந்தது, நான் மிதித்தது. சுற்ற ஆரம்பித்தேன். தெரு வந்து நின்று பார்த்தது. மத்தியானத்துக்குள் சூளைக்கு நாள் குறிக்கும் பெரியவரும் வந்துவிட்டார். எனக்கு மாமனார் முறை.

"பொம்பள வனைஞ்ச சட்டி சூளைக்கு ஏறாது. உனக்குத் தெரியும்" என்றார்.

"சக்கரத்தத் தொட்டாதான மாமா ஏறாது?"

"தொடாம எப்டி வந்துச்சி?"

"சக்கரம் அங்க இருக்குது. பாத்துக்குங்க."

வேப்பமரத்தடிக்குப் போனார். சக்கரத்தின் மேல் எங்கள் கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. ஈர மண் ஒட்டியிருக்கிறதா என்று அதன் கீழே கையை விட்டுப் பார்க்கப் போனார், கொத்தியது. பச்சையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் விரலைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, நான் செய்ததில் ஒன்றைத் தரையில் வைத்துப் பார்த்தார்.

"சாஞ்சி நிக்குது. சாஞ்ச சட்டி மேல நான் அடுத்த வூட்டு சட்டிய அடுக்க முடியாது. நேரா நின்னா கொண்டா. இல்லன்னா வாய்ப்பக்கத்த வேற வூட்டுக்குக் குடுத்துடுவேன்." போய்விட்டார்.

அவர் சொன்னது நியாயம். குதிர் நாலு விரல் சாய்ந்தாலும் நிற்கும். சட்டி நிற்காது. அன்றும் மறுநாளும் செய்தேன். கல்லும் துடுப்பும் வைத்துத் தட்டினேன். எல்லாம் ஏதாவது ஒரு பக்கம் தலை சாய்த்தது. பக்கத்தில் குனிந்து இருக்கிறவளுக்குச் சாய்வு தெரியாது. தள்ளி இருந்து பார்த்தால்தான் தெரியும். நான் தள்ளிப் போனால் மண் காத்திருக்காது. ஒவ்வொன்றையும் உடைத்து மறுபடி ஊறப் போட்டேன்.

மூன்றாம் நாள் ஒரு பெரிய சட்டியின் கழுத்தை இழுத்துக்கொண்டு சுற்றினேன். கட்டில் கிறீச்சென்றது. திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் கை கெட்டுவிடும்.

"வடக்கால சாயுது" என்றார் அவர்.

நான் நின்றேன்.

"நிக்காத. கைய எறக்கு. இன்னொரு சுத்து வா."

பின்னால் நடந்தேன். கட்டிலைத் தாண்டும்போது பார்த்தேன். ஒரு கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கண்ணை மூடி, சட்டியின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒண்ணு."

வந்தேன்.

"போதும்."

அந்தக் கார்த்திகைச் சூளையில் வாய்ப்பக்கம் எங்கள் வீட்டுச் சட்டிகள்தான் இருந்தன. புளிய விறகு நன்றாக நின்று எரிந்தது.